பன்னிரண்டு இடது கால்

அந்தோணி இறந்த எட்டு மாதமாக அன்னம்மாளுக்கு ஒரே கனவுதான். கனவென்று சொல்லும்படி அதில் பெரிதாக ஒன்றும் நடப்பதில்லை. ஆம்பூர் ரெட்டித்தோப்பு வீட்டின் முன்னறையில் அந்தோணி தரையில் குந்தியிருப்பார். முன்னால் பழைய நியூஸ்பேப்பர் விரித்திருக்கும். காதில் பென்சில். நிமிர்ந்து பார்க்காமலே, "அன்னம், வலது கால மொதல்ல வையி" என்பார். அவள் காலைத் தூக்குவாள். பேப்பரில் பாதம் படுவதற்குள் விழிப்பு வந்துவிடும். பாலாற்றுப் பக்கமிருந்து வந்த பனி ஜன்னல் கம்பியில் ஈரமாக நிற்கும். அவளுடைய வலது பாதம் மட்டும் போர்வைக்கு வெளியே சில்லென்று கிடக்கும்.

அந்தப் பாதத்தைப் பற்றிச் சொல்லாமல் அந்தோணியைப் பற்றிச் சொல்ல முடியாது. மூன்று வயதில் வந்த இளம்பிள்ளை வாதம் அன்னம்மாளின் வலது காலை மட்டும் பிடித்துக்கொண்டது. இடது கால் வளர்ந்தது, வலது கால் பாதியிலேயே போதும் என்று நின்றுவிட்டது. ஆம்பூரில் பிறந்தவர்களுக்கு இதை நம்பரில் சொன்னால் சட்டென்று புரியும். இடது கால் முப்பத்தேழு, வலது கால் முப்பத்து மூன்று. முப்பத்தேழு பெண்கள் சைஸ். முப்பத்து மூன்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சைஸ்.

செருப்புக் கடைக்குப் போனால் அவளுடைய அம்மா இடது காலைத்தான் முன்னால் நீட்டச் சொல்வாள். வலது கால் பாவாடைக்குள் போய்விட வேண்டும். முப்பத்தேழில் ஒரு ஜோடி வாங்கி, வலது செருப்பின் முனையில் பழந்துணியைத் திணித்துப் போட்டுக்கொண்டு நடப்பாள். இருபத்திரண்டு வயது வரைக்கும் அப்படித்தான் நடந்தாள். துணி நகர்ந்துவிட்டால் நின்று சரி செய்துகொள்வாள். அவள் நிற்பதற்குக் காரணம் கேட்காமல் கூட வந்தவர்கள் முன்னால் போய்விடுவார்கள். அதற்காக அவள் யாரையும் நொந்துகொண்டதில்லை.

அந்த இருபத்திரண்டாவது வயதில் அவள் ஷூ கம்பெனி ஒன்றில் ஸ்டிச்சிங் செக்‌ஷனில் இருந்தாள். அந்தோணி அதே கம்பெனியில் கட்டிங். பெரிய காதல் கதை என்று யாரும் நிமிர்ந்து உட்கார வேண்டாம். மழை நாளில் கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கி, செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு எல்லாரும் சிமென்ட் தரையில் நடந்து உள்ளே போனார்கள். பின்னால் வந்த அந்தோணி தரையைப் பார்த்தார். ஈரக் கால்தடங்களில் ஒரு வரிசை மட்டும் ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாகப் போயிருந்தது. அம்மாவும் குழந்தையும் ஒட்டி நடந்துபோன மாதிரி இருந்தது என்று பிற்பாடு சொன்னார். அந்தத் தடத்தைப் பின்பற்றிப் போய், அது எந்த மெஷினில் போய் உட்கார்ந்தது என்று பார்த்துக்கொண்டார். அப்புறம் ஒரு மாதம் வாயைத் திறக்கவில்லை. மனிதர் அந்த விஷயத்தில் மகா கோழை.

ஒரு மாதம் கழித்து மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் நியூஸ்பேப்பரும் பென்சிலுமாக அவள் முன்னால் வந்து குந்தினார். சுற்றி இருந்த பெண்கள் சிரித்தார்கள். அன்னம்மாள் பழக்கதோஷத்தில் இடது காலை நீட்டினாள். அவர் தலையை ஆட்டினார்.

"வலது கால மொதல்ல வையிங்க. அதுக்குச் சரியா வந்துட்டா இதுக்குத் தானா வந்துடும்."

அன்னம்மாளுக்கு முகம் சூடாகிப்போனது. யாரும் அந்தக் காலை முதலில் கேட்டதில்லை. சின்ன வயதிலிருந்து ஒளித்து வைத்த ஒன்றை ஓர் ஆண்பிள்ளை பட்டப்பகலில் அளவெடுத்துக்கொண்டு போனார். அன்று சாயங்காலம் வரைக்கும் அவள் தைத்ததெல்லாம் கோணல். சூப்பர்வைசரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

மூன்று வாரத்தில் செருப்பு வந்தது. கறுப்பு ஆட்டுத்தோலில் வார் வைத்த கட் ஷூ. வலது கால் கொஞ்சம் குட்டை என்பதால் அந்தப் பக்கம் அடியை அரை அங்குலம் உயர்த்தியிருந்தார். போட்டுக்கொண்டு எழுந்து நின்றபோது ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்த உலகம் நேரான மாதிரி இருந்தது அவளுக்கு. கால்களைச் சேர்த்து வைத்துக் குனிந்து பார்த்தாள். தோலில் மெல்லிய கோடு ஒன்று. ஆட்டின் உடம்பில் நரம்பு ஓடிய தடம். இடது செருப்பில் தொடங்கி, இரண்டும் தொடும் உள் ஓரத்தைத் தாண்டி, வலது செருப்பில் போய் முடிந்திருந்தது. அது மாதிரி கோடு தெரிந்தால் கம்பெனியில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டித் தள்ளிவிடுவார்கள்.

டேமேஜ் தோலில் வெட்டிவிட்டீர்களே என்றாள்.

"டேமேஜ் இல்ல. தேடிப் புடிச்சு வெட்டினது. சைஸ் வேற வேறயா இருக்குது, ரெண்டும் ஒரே ஜோடின்னு எப்படித் தெரியும்? அதுக்குத்தான் அந்தக் கோடு."

ஒரு ஜோடியின் இடதையும் வலதையும் ஒரே தோலில், பக்கத்துப் பக்கத்தில் வெட்ட வேண்டும் என்பது கட்டிங்கில் முதல் பாடம். அப்போதுதான் நிறமும் மினுக்கும் ஒத்துப்போகும். கோடு, வடு, கொசுக்கடித் தழும்பு எல்லாவற்றையும் தவிர்த்துவிட்டு வெட்டுபவன்தான் நல்ல கட்டர். அந்தோணி நல்ல கட்டர். சம்பளத்துக்கு வெட்டியபோது முப்பது வருடமாகக் கோட்டைத் தவிர்த்தார். பெண்டாட்டிக்கு வெட்டியபோது மட்டும் கோட்டைத் தேடினார்.

சர்ச்சில் மூன்று ஞாயிறு திருமண அறிவிப்பு ஓலை வாசித்து, அக்டோபரில் கல்யாணம் நடந்தது. புருஷன் வீட்டு வாசலில் பெண்கள் கூடி நின்று, "வலது கால எடுத்து வெச்சு வாம்மா" என்று சொல்லிவிட்டு, சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார்கள். வாசலில் ஒரு சங்கடம். அன்னம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். பின்னால் நின்ற அந்தோணி, சொன்னது சரிதானே, அந்தக் கால்தான் முதலில் என்று சாதாரணமாகச் சொன்னார். அவள் வலது காலை வைத்து உள்ளே போனாள்.

கல்யாணம் ஆன மறுவாரம் வேலூருக்குப் போய், கணியம்பாடி வழியாகப் பஸ் பிடித்து அமிர்தி காட்டுக்குப் போனார்கள். மான்களைப் பார்த்துவிட்டு அருவிக்கு நடந்தார்கள். கல்லும் வேருமான பாதை. அந்தோணி முன்னால் நடந்தார். திரும்பிப் பார்க்கவேயில்லை. அவளுக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது. அருவிக்கு வந்த பிறகு கேட்டாள், ஒரு தடவையாவது திரும்பிப் பார்க்கக் கூடாதா என்று. உன் காலடிச் சத்தம் கேட்டுக்கொண்டேதானே வந்தேன் என்றார். இடது காலுக்கு ஒரு சத்தம், வலது காலுக்கு ஒரு சத்தம். நின்றால் தெரியும், தடுமாறினால் தெரியும். யார் கையையும் பிடிக்காமல் அவ்வளவு தூரம் அவள் நடந்தது அதுதான் முதல் தடவை என்பது அருவித் தண்ணீரில் காலை வைத்த பிறகுதான் அவளுக்கே உறைத்தது.

அதிலிருந்து ஒவ்வொரு கல்யாண நாளுக்கும் ஒரு புது ஜோடி, ஓர் அமிர்திப் பயணம். தோல் துண்டைக் கடையில் காசு கொடுத்து வாங்கி வருவார். இடது காலுக்கு, பாத வடிவ மர அச்சு வீட்டிலேயே இருந்தது. வலது காலுக்குக் குழந்தைகள் அச்சு வேண்டும். அதற்கு மசூதித் தெருவில் தௌசீப் அகமதின் பட்டறைக்குப் போவார். தௌசீப் பாய் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு ஷூ போடுகிறவர். அந்தோணிக்குச் சின்ன வயதிலிருந்து தோஸ்த்.

தன் காலுக்கு அந்தோணி ரப்பர் செருப்புத்தான் போட்டார். ஏன் இப்படி என்று கேட்டால், "என் காலு எந்தக் கடையிலயும் கெடைக்கும்" என்பார்.

அவரோடு குடித்தனம் செய்வது அப்படியொன்றும் சொர்க்கம் இல்லை. டிவியில் நியூஸ் ஓடினால் நியூஸைக் கேட்க விடமாட்டார், மந்திரியின் ஷூவைப் பார்த்து, அடி பெயர்ந்துவிட்டது பார் என்பார். கல்யாணத்துக்குப் போனால் மாப்பிள்ளையின் முகம் அவருக்கு ஞாபகம் இருக்காது. வீட்டுக்கு யார் வந்தாலும், அவர்கள் உள்ளே பேசிக்கொண்டிருக்கும்போது இவர் மெல்ல எழுந்து போய் வாசலில் கிடக்கும் செருப்புகளைத் திருப்பி வைத்துவிட்டு வருவார். கிளம்புகிறவர்கள் அப்படியே காலை நுழைத்துக்கொண்டு போகலாம். விருந்தாளியைச் சீக்கிரம் கிளப்பப் பார்க்கிறார் என்று நினைத்துச் சொந்தக்காரர் ஒருவர் இரண்டு வருடம் பேசாமல் இருந்தார்.

ஒரே மகள் கிறிஸ்டினா பிறந்தபோது, குழந்தையின் முகத்தைப் பார்ப்பதற்கு முன் துணியை விலக்கி இரண்டு பாதத்தையும் சேர்த்துப் பிடித்துப் பார்த்தார். இரண்டும் ஒரே அளவு. அதைப் பார்த்து அவர் அழுததை அன்னம்மாள் கட்டிலில் படுத்தபடி பார்த்தாள். நம் காலைப் பற்றி இந்த மனிதருக்கும் உள்ளே ஒரு பயம் இருந்திருக்கிறது, நம்மிடம் காட்டாமல் வைத்திருக்கிறார் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டாள். மகளைப் படிக்க வைத்தார். பள்ளிக்கூடத்து மீட்டிங் ஒன்றைக்கூட விட்டதில்லை. அவளுக்கு ராணிப்பேட்டையில் ஒரு ஷூ கம்பெனியில் சாம்பிள் செக்‌ஷனில் வேலை கிடைத்தபோது, பஸ் ஸ்டாண்டில் கண்ணில் பட்டவர்களுக்கெல்லாம் சொன்னார்.

சாம்பிள் என்றால் ஒற்றைக் கால். சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையருக்கு மாதிரி அனுப்பும்போது ஜோடியாக அனுப்பமாட்டார்கள். ஒரு காலைப் பார்த்தே அவன் ஆர்டர் கொடுத்துவிடுவான். அதனால் ஆம்பூர் பக்கத்தில் எங்கேயாவது ஒற்றைச் செருப்புக் கிடந்தால், இன்னொன்று எங்கே என்று யாரும் கேட்பதில்லை. சாம்பிள் என்று தாண்டிப் போய்விடுவார்கள்.

போன வருடம் மழைக்காலத்துக்கு முன்னால் அந்தோணிக்குத் தலைவலி வந்தது. வேலூரில் படம் எடுத்துப் பார்த்தார்கள். மூளையில் கட்டி. இன்னும் இத்தனை மாதம்தான் என்று டாக்டர் சொன்ன கணக்கை அவர் அன்னம்மாளிடம் சொல்லவில்லை. அந்த அக்டோபரிலும் புது ஜோடி கொடுத்தார், அமிர்திக்கும் போய்வந்தார்கள். ஆனால் வேலை முடிந்து வந்ததும் மாடியில் இருந்த தகரக் கூரை அறைக்குப் போய்விடுவார். கேட்டால் கம்பெனி வேலை என்பார். சில நாள் தௌசீப் பாய் பட்டறையில் இருந்துவிட்டு வருவார். அப்புறம் ஒவ்வொன்றாக மறக்க ஆரம்பித்தது. ரசத்தில் சர்க்கரை போட்டார். மகளை அக்கா என்று கூப்பிட்டார். ஒருநாள் ரெட்டித்தோப்புப் பாலத்தடியில் நின்றுகொண்டு வீடு எந்தப் பக்கம் என்று வருகிறவர்களைக் கேட்டிருக்கிறார். பிப்ரவரியில் ஒரு காலை வேளையில், அன்னம்மாள் காபி ஆற்றிக்கொண்டிருக்கும்போது, சத்தமில்லாமல் போய்விட்டார்.

நாற்பதாம் நாள் ஜெபம் முடிந்த பிறகு கிறிஸ்டினா மாடி அறையை ஒழித்தாள். பெரிய அட்டைப்பெட்டி ஒன்று இருந்தது. திறந்து பார்த்துவிட்டுக் கீழே இருந்த அம்மாவிடம், பன்னிரண்டு ஷூ இருக்கிறது, எல்லாம் இடது கால், சாம்பிள் என்று சொன்னாள். தினமும் சாம்பிளை எண்ணி, ஒட்டி, அனுப்புகிறவள் சொல்கிறாள். அன்னம்மாள் அதை ஏறிட்டும் பார்க்கவில்லை. அவளுக்கு அப்போது எதையும் பார்க்கப் பிடிக்கவில்லை. பெட்டி பரணுக்குப் போனது.

அதன் பிறகு அவள் வெளியே போவது சர்ச்சுக்கு மட்டும் என்றானது. கடைசியாக அவர் கொடுத்த ஜோடியில் வலது செருப்பின் அடி விட்டுப்போயிருந்தது. அதை யாரிடமும் கொடுத்து ஒட்ட மனம் வரவில்லை. நடந்தால் தன் காலடிச் சத்தம் அவளுக்கே கேட்டது. முன்னால் யாரும் அதைக் கேட்டுக்கொண்டு போகவில்லை. சாயங்கால ஜெபத்தில் எல்லாருக்காகவும் வேண்டிவிட்டுக் கடைசியில், "ஆண்டவரே, என்னையும் சீக்கிரம் கூட்டிக்கோ" என்று ஒரு வரி சேர்த்தாள். ராணிப்பேட்டை ஹாஸ்டலிலிருந்து சனிக்கிழமை தோறும் வரும் கிறிஸ்டினா, அந்த வரி வரும்போது கண்ணை இறுக மூடிக்கொள்வாள். சண்டை போட்டுப் பார்த்தாள். அழுதும் பார்த்தாள். அம்மா அந்த வரியை விடவில்லை.

அக்டோபர் வந்தது. கல்யாண நாளுக்கு இரண்டு நாள் முன்னால், சனிக்கிழமை, கிறிஸ்டினா பரணைச் சுத்தம் செய்ய ஏறினாள். அட்டைப்பெட்டியைக் கீழே இறக்கி, சாம்பிளை இனி வைத்து என்ன செய்வது, பழைய சாமான்காரரிடம் போட்டுவிடலாம் என்றாள். பெட்டியின் வாய் திறந்திருந்தது. அன்னம்மாள் சும்மா ஒன்றைக் கையில் எடுத்தாள்.

வார் வைத்த கட் ஷூ. முப்பத்தேழு. அவள் இருபது வருடம் தைத்தவள். கை தானாகவே ஓரத்தைத் தடவியது. உள்பக்கத்தில் விரல் ஓரிடத்தில் நின்றது. வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தாள். நரம்புக் கோடு. உள் ஓரம் வரைக்கும் வந்து, பாதியில் அறுந்து நின்றது.

இன்னொன்றை எடுத்தாள். அதிலும் கோடு. தரையில் உட்கார்ந்து பன்னிரண்டையும் எடுத்துப் பரப்பினாள். பன்னிரண்டிலும் கோடு, பன்னிரண்டிலும் அது ஓரத்தில் அறுந்து நின்றது. கோடு விழுந்த தோலில் எந்தக் கட்டரும் சாம்பிள் வெட்டமாட்டான். சிலதில் தையல் ஆடியிருந்தது. ஒன்றில் ஒரே இடத்தில் மூன்று தடவை ஊசி ஏறியிருந்தது. தலை தடுமாறிய பிறகு தைத்தது.

"இது சாம்பிள் இல்ல கிறிஸ்டி. இது எனக்குப் போட்டது."

கிறிஸ்டினா குனிந்து பார்த்தாள். பார்த்த உடனே அவளுக்கும் புரிந்துவிட்டது. சந்தோஷத்தில் அம்மாவின் தோளைப் பிடித்தாள். ஆனால் அம்மாவின் முகம் வேறு மாதிரி இருந்தது. அன்னம்மாள் பெட்டிக்குள் கையை விட்டுத் துழாவினாள். மாடி அறைக்கு ஏறிப்போய்த் தேடினாள். அலமாரிக்கு அடியில் பார்த்தாள். கட்டிலுக்கு அடியில் பார்த்தாள். வலது கால் ஒன்றுகூட இல்லை.

திரும்பி வந்து அந்தப் பன்னிரண்டு இடது கால்களுக்கு நடுவில் உட்கார்ந்தாள்.

"மறந்துட்டாரு," என்றாள். "கடைசில என் வலது காலு அவருக்கு ஞாபகம் இல்லாம போச்சு."

வீட்டு வழியை மறந்ததை அவள் மன்னித்துவிட்டாள். மகளின் பெயரை மறந்ததையும் வியாதி என்று தேற்றிக்கொண்டாள். இதை அவளால் தாங்க முடியவில்லை. செருப்புக் கடைக்காரரும் அம்மாவும் ஊரும் பார்த்த மாதிரியே, கடைசியில் அந்தோணியும் அவளுடைய நல்ல காலை மட்டும் பார்த்துவிட்டுப் போய்விட்டார். அந்த நினைப்பு வந்ததும் அவள் வாய்விட்டு அழுதாள். அவர் இறந்த அன்றைக்குக்கூட அப்படி அழவில்லை.

தௌசீப் மாமாவிடம் போய்க் கேட்கலாம் என்றாள் கிறிஸ்டினா. வலது கால் அச்சு அங்கேதானே இருக்கிறது. அன்னம்மாள் மறுத்தாள். பாய் சாவுக்கு வந்தார், நாற்பதாம் நாளுக்கும் வந்தார், இருந்தால் சொல்லியிருக்கமாட்டாரா என்றாள். உண்மையான காரணம் அது இல்லை. போய்க் கேட்டு, இல்லை என்று அவர் சொல்லிவிட்டால் அப்புறம் சந்தேகத்துக்கே இடம் இருக்காது. இப்போதைக்கு அந்தச் சந்தேகம் ஒன்றுதான் அவள் கையில் இருந்தது. கிறிஸ்டினாவும் அப்பா மாதிரி பிடிவாதக்காரி. ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் ஆட்டோவை மசூதித் தெருவுக்கு விடச் சொன்னாள். தௌசீப் பாய் பட்டறைக்கு வெள்ளிக்கிழமைதான் லீவு. காலையிலேயே ஆட்டோவில் ஏற்றி வைத்திருந்த இடது கால் பெட்டி மடியில் இருந்தது.

கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு பட்டறை வாசலில் நாற்காலியில் உட்கார்ந்திருந்த தௌசீப் அகமது, அன்னம்மாளைப் பார்த்ததும் எழுந்து நின்றார். டீ சொன்னார். அவள் எதுவும் கேட்காமல் பெட்டியைத் திறந்து காட்டினாள். அவர் ஒன்றை எடுத்துத் தடவிப் பார்த்துவிட்டு, நல்லா இருக்குதா, வலதோட சேத்துப் போட்டுப் பாத்தியா தங்கச்சி என்று கேட்டார்.

அன்னம்மாள் மகளைத் திரும்பிப் பார்த்தாள். வலது எங்களிடம் இல்லை மாமா என்றாள் கிறிஸ்டினா.

"இன்னாம்மா சொல்றே? இங்க பெஞ்சு மேல வெச்சிட்டுத்தான் நான் கண்ணு ஆபரேஷனுக்கு மெட்ராஸ் போனேன். வந்து பார்த்தேன், பெஞ்சு காலி. நீங்க வந்து எடுத்துட்டீங்கன்னு நெனச்சேன். அந்தோணி போன துக்கத்துல அத நான் எப்படிக் கேக்கறது?"

உள்ளே மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. கண் மங்கிய அப்பா வாசலோடு நின்றுவிட, பட்டறையை இப்போது பார்த்துக்கொள்ளும் அவருடைய மகன் தன்சீல் அகமது, பேச்சைக் கேட்டு மெஷினை நிறுத்திவிட்டு வெளியே வந்தான். முப்பத்து மூன்று சைஸ், பன்னிரண்டு வலது கால், ஒரு பக்கம் அடி உயரமாக இருக்குமே, அதுவா என்று கேட்டான். கேட்டுக்கொண்டே அவன் முகம் வெளுத்தது.

"அது சாம்பிள்னு நெனச்சேன்பா."

பட்டறையின் உள்சுவரில் கண்ணாடி போட்ட அலமாரி இருந்தது. வருகிற பையர்களுக்குக் காட்டுவதற்கு. பிள்ளைகளின் ஷூக்கள் வரிசையாக நின்றன. நடு அடுக்கில், நல்ல வெளிச்சம் படுகிற இடத்தில், பன்னிரண்டு வலது கால்கள் தூசியில்லாமல் நின்றன. எட்டு மாதமாக ஒவ்வொரு வெள்ளிக்கிழமைக்கு முன்னாலும் அவன் அவற்றைத் துடைத்திருக்கிறான். இரண்டு பையர் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். பிள்ளைகள் ஷூவுக்கு அடி ஏன் இவ்வளவு கனம் என்று ஒருவன் கேட்டானாம். புது ஃபேஷன் என்று இவனும் சொல்லியிருக்கிறான்.

தௌசீப் பாய் மகனைத் திட்ட வாயைத் திறந்தார். கிறிஸ்டினா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். நானும் அதையேதான் நினைத்தேன் மாமா என்றாள். சாம்பிள் செக்‌ஷனில் வேலை பார்க்கிற மகளே நினைத்தால், அவனைச் சொல்லி என்ன?

வெட்டு மேஜையைக் காலி செய்து கொடுத்தார்கள். அன்னம்மாள் ஒவ்வொரு இடதுக்கும் அதன் வலதைத் தேடிச் சேர்த்தாள். கோட்டைப் பார்த்துச் சேர்த்தாள். இங்கே அறுந்து நின்றது அங்கே தொடர்ந்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்று மேஜையின் நீளத்துக்குப் பன்னிரண்டு ஜோடிகள் நின்றன. அப்போதுதான் அவள் கவனித்தாள். இடது செருப்புகளில்தான் தையல் ஆடியிருந்தது. வலது செருப்புகளில் ஒரு தையல்கூட விலகவில்லை. பன்னிரண்டும் நூல் பிடித்த மாதிரி நேராக ஓடின.

அவள் கேட்பதற்கு முன்பே தௌசீப் பாய் சொன்னார்.

"வலதத்தான் மொதல்ல முடிச்சான். பன்னெண்டையும். தலை தெளிவா இருக்கும்போதே இத முடிச்சிடணும் பாய், எடது காலு யாரு வேணா போடுவாங்கன்னு சொன்னான்."

அன்னம்மாள் ஒரு வலது செருப்பை எடுத்து அந்தத் தையலைத் தடவினாள். முந்தின நாளிலிருந்து அவள் நெஞ்சில் கிடந்தது இளகியது. கண்ணீர் வந்தது, துடைத்துக்கொள்ளவில்லை. சந்தோஷமா துக்கமா என்று பிரித்துப் பார்க்கிற நிலையிலும் அவள் இல்லை.

தௌசீப் பாய் விரலால் வரிசையைக் காட்டினார். முதல் ஜோடி அவளுடைய இப்போதைய காலுக்கு. போகப் போக ஒவ்வொன்றும் நூலளவு அகலம். வயதானால் பாதம் பரந்துவிடும் என்று அந்தோணி கணக்குப் போட்டிருக்கிறார். ஏழாவது ஜோடியிலிருந்து பக்கிள் இல்லை, ஒட்டுகிற பட்டை. குனிந்து வாரை மாட்ட முடியாத வயது வந்துவிடும். கடைசி இரண்டில் அடி சொரசொரப்பாக இருந்தது, ஈரத் தரையில் வழுக்காமல். கடைசி ஜோடி ஆகக் கனம் கம்மி, கையில் எடுத்தால் எடுத்த மாதிரியே இல்லை.

"ஒரு ஜோடி ரெண்டு வருஷம் ஓடும்னு கணக்கு. அவளுக்கு எழுபத்தஞ்சு வயசு வரைக்கும் போட்டுட்டேன் பாய், அதுக்கு மேல இன்னா வேணும்னு அவளத்தான் கேக்கணும்னு சிரிச்சான்."

அந்த மாடி அறையில் மாதக் கணக்கு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மனிதர், தான் பார்க்கப்போகாத கால்களை ஒவ்வொன்றாகப் பார்த்திருக்கிறார். ஐம்பத்தைந்தில் அன்னம்மாள், அறுபதில் அன்னம்மாள், பேரப்பிள்ளை பின்னால் ஓடுகிற அன்னம்மாள், சுவரைப் பிடித்து நடக்கிற அன்னம்மாள். அவள் எப்போது நிற்பாள், எங்கே தடுமாறுவாள் என்று முன்னால் நடந்தபடியே கேட்டிருக்கிறார்.

வீட்டுக்கு வந்ததும் அன்னம்மாள் முதல் ஜோடியைப் போட்டுக்கொண்டாள். வலது காலை முதலில் நுழைத்தாள். இரண்டு காலையும் சேர்த்து வைத்து நின்று குனிந்து பார்த்தாள். கோடு சேர்ந்தது. முன்னறையிலிருந்து அடுப்படிக்கும் அடுப்படியிலிருந்து முன்னறைக்கும் நாலு தடவை நடந்தாள். ஒரு சத்தம், இன்னொரு சத்தம். கிறிஸ்டினா திரும்பிப் பார்க்காமல் பீரோவில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். ஆனால் அவள் காது இங்கேதான் இருந்தது.

மிச்சத்தைப் பீரோவில் அடுக்கும்போது கிறிஸ்டினா கடைசி ஜோடியை எடுத்து வந்தாள். எவ்வளவு மெத்தென்று இருக்கிறது, இதையும் ஒரு தடவை போட்டுப் பார் என்றாள்.

"அதுக்கு இன்னா இப்ப அவசரம்? மேல் தட்டுல வையி. அந்தக் காலு வர்றப்ப போட்டுக்கறேன்."

சாயங்காலம் இருவரும் பாய் விரித்து ஜெபத்துக்கு முழங்காலில் நின்றார்கள். அன்னம்மாள் ஊருக்காக வேண்டினாள். தௌசீப் பாயின் கண்ணுக்காக வேண்டினாள். திட்டு வாங்கவிருந்த தன்சீலுக்காகவும் ஒரு வார்த்தை சொன்னாள். மகளுக்கு நல்ல மாப்பிள்ளை கேட்டாள். கிறிஸ்டினா வழக்கம்போல் கண்ணை இறுக மூடிக்கொண்டு அந்தக் கடைசி வரிக்காகக் காத்திருந்தாள். வரி வரவில்லை. ஆமென் வந்துவிட்டது.

கண்ணைத் திறந்தாள். அம்மா பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"இன்னா பாக்கறே? நாளைக்கு லீவு சொல்லிடு. மொத பஸ்ஸு புடிச்சாத்தான் வெயிலுக்கு முன்ன அமிர்தி போய்ச் சேரலாம்."

சொல்லிவிட்டு வாசலுக்குப் போனவள், அங்கே கழற்றிப் போட்டிருந்த மகளுடைய செருப்பைத் தெருவைப் பார்த்துத் திருப்பி வைத்துவிட்டு வந்தாள்.